ஏழு வருடத் தொட்டியை வீடு மாற்ற வேண்டும்: பெரம்பூரிலிருந்து வண்டலூருக்கு

பெரம்பூர்த் தொட்டி
வெள்ளி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். இத்தனை வருட வாடகை வாழ்க்கை முடிந்து வண்டலூர் பக்கம் சொந்த வீடு, முதல் மாடியில். பீரோ, கட்டில் பற்றியெல்லாம் எனக்குக் கவலை இல்லை. இரண்டு மீன் தொட்டிகள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

பெரியது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 10 மில்லிமீட்டர் கண்ணாடி. ஏழு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது. மீன்கள்: ஏஞ்சல் 2, மிஸ் கேரளா 6, பாம்பு போல நெளியும் கூலி லோச் 5, அப்புறம் கட்டையில் ஒட்டிக் கிடக்கும் சக்கர் ஒன்று. வாங்கும்போது விரல் நீளம் இருந்தது, இப்போது முக்கால் அடி. வேர்க்கட்டையில் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் செடிகள் பிடித்திருக்கின்றன. ஒரு கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்), ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டர். சின்னது 2 அடி. அதில் கப்பிகளும் இரண்டு தேன் கௌராமியும்.

மெட்ரோ தண்ணீர்தான் ஊற்றுகிறேன். டிரம்மில் ஒரு நாள் காற்று விட்டு, வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுவேன்.

சாமான் ஏற்ற வருபவர்கள் வந்து பார்த்துவிட்டு, "அரைத் தண்ணீரோட அப்படியே தூக்கிடலாம் மேடம், மீனை எடுக்கவே வேணாம்" என்கிறார்கள். மாமியாருக்குக் கிரகப்பிரவேசத்தன்றே தொட்டியும் மீனும் அங்கே இருக்க வேண்டும் என்று ஆசை. தினமும் காலையில் ஏஞ்சல்களுக்குத் தீனி போடுவது அவர்தான், அதனால் அந்த ஆசையைத் தட்டவும் மனம் வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

—

கொளத்தூர்ப் பண்ணை
வெள்ளி, இரவு 10.50

அரைத் தண்ணீரோடு தூக்க விடவே விடாதீர்கள் அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். தொட்டியைத் தூக்கும்போது நாலு மூலையும் ஒரே சமயத்தில் எழும்பாது, ஒரு பக்கம் விரல்கடை முன்னே போகும். உள்ளே தண்ணீர் அலை அடிக்கும். அந்த முறுக்கு முழுவதும் சிலிக்கான் ஒட்டில்தான் இறங்கும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. நாலு நாள் கழித்து ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர், கல், கட்டை எல்லாம் வெளியே வர வேண்டும். வெறும் கண்ணாடியாக, அடியில் கை கொடுத்து, நாலு பேர் தூக்க வேண்டும். மேல்பட்டையைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

மீனுக்கு இரண்டு நாள் முன்னாலேயே தீனியை நிறுத்திவிடுங்கள். நாங்கள் வெளியூருக்குப் பார்சல் போடும் எல்லா மீனுக்கும் இதுதான் முறை. வயிறு காலியாக இருந்தால் கழிவு குறையும், பையில் தண்ணீர் கெடாது. பாவம் பார்த்துப் போடும் ஒரு பிடி தீனிதான் வழியில் மீனைக் கொல்லும். மாமியார் அம்மாவிடம் இதை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

—

சிவில் தாத்தா
சனி, காலை 6.30

கட்டடத்தின் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் பெரிய தொட்டி 9 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் 255 லிட்டர், அதாவது 255 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி சுமார் 50 கிலோ வரும். கல், கட்டை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் எந்நேரமும் ஒரே இடத்தில் நெருக்கி நிற்பது போல.

வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்துக்குக் கணக்கிட வேண்டும் என்பது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி சொல்வது. உங்கள் தொட்டி நிற்கும் இடம் அரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேல். இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பாரத்தை அந்த இடம் மட்டும் தாங்குவதில்லை, முழுத் தளமும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் வைக்கும் இடம் முக்கியம். கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். அறையின் நடுவில் வேண்டாம். வெளியே நீட்டிய பால்கனியில் கூடவே கூடாது. வீடு கட்டிய பொறியாளரிடம் கேட்டால் பீம் எங்கே ஓடுகிறது என்று இரண்டு நிமிடத்தில் காட்டிவிடுவார்.

ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். புது டைல்ஸ் தரையில் குளியலறைப் பக்கம் வாட்டம் விட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் போடுங்கள்.

—

வேதியியல் டீச்சர்
சனி, காலை 9.05

நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: புது வீட்டில் என்ன தண்ணீர்?

ஏழு வருடத் தொட்டி என்றால் அதில் விலை மதிப்பில்லாதது இரண்டு. ஒன்று, ஃபில்டரிலும் கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா. மீன் கழிக்கும் அம்மோனியாவை அது நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தில் போய்விடும். இன்னொன்று, அந்தத் தண்ணீருக்கு உங்கள் மீன்கள் பழகியிருக்கும் பழக்கம். இந்த இரண்டையும் உயிரோடு கொண்டுபோனால் போதும், கண்ணாடியைப் புதிதாகக்கூட வாங்கிக்கொள்ளலாம்.

—

பழைய தண்ணீர்
சனி, மதியம் 1.20

டீச்சர் சொல்வது சரி, அதனால்தான் நான் எப்போதும் முழுத் தண்ணீரையும் எடுத்துப் போகச் சொல்வேன். ஒரு சொட்டு விடாமல். பாக்டீரியா முழுவதும் தண்ணீரில்தான் இருக்கிறது. நான் இரண்டு முறை வீடு மாறினேன், இரண்டு முறையும் 200 லிட்டருக்கு மேல் தூக்கிப் போனேன். ஒரு மீன் சாகவில்லை.

—

வேதியியல் டீச்சர்
சனி, மாலை 4.40

உங்கள் மீன்கள் பிழைத்ததில் சந்தோஷம். ஆனால் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அந்த பாக்டீரியா மிதந்து திரிவது மிகக் குறைவு, ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டுதான் வாழும். பழைய தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு ஃபில்டரை மட்டும் காப்பாற்றினால் தொட்டி பிழைக்கும். தண்ணீரைக் காப்பாற்றி ஃபில்டரைக் காயவிட்டால் பிழைக்காது. பழைய தண்ணீரால் மீனுக்குக் கிடைப்பது பழக்கம்: அதே டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு), அதே பிஹெச் (அமில, காரத் தன்மை). அதற்குப் பாதி இருந்தால் போதும்.

கேனிஸ்டரில்தான் பலர் ஏமாறுவார்கள். ஓட்டத்தை நிறுத்தி, குழாயை அடைத்து, தண்ணீரோடு அப்படியே வண்டியில் ஏற்றுவார்கள். உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்ச ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அப்புறம் சாகத் தொடங்கும். புது வீட்டில் பிளக்கைச் சொருகியதும் அந்தச் சாக்கடை முழுவதும் தொட்டிக்குள் வரும். மூடியைத் திறந்து, பாக்டீரியா ஒட்டியிருக்கும் செராமிக் ரிங்கையும் ஸ்பாஞ்சையும் ஒரு வாளியில் எடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றி, பேட்டரி ஏர் பம்ப் விடுங்கள். பம்ப் இல்லையென்றால் தண்ணீரை வடித்துவிட்டு ஈரத்தோடு மூடுங்கள். தேங்கிய தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதைவிட ஈரமாகக் காற்றுப் படக் கிடப்பது நல்லது.

—

பெரம்பூர்த் தொட்டி
ஞாயிறு, இரவு 8.30

டீச்சர், இன்று வண்டலூர் போய் அளந்து வந்தேன். போர் தண்ணீர்தான். டிடிஎஸ் 1340. எங்கள் தொட்டியில் 420. பிஹெச்தான் எனக்குப் புரியவில்லை. மோட்டார் போட்டு நேரே பிடித்தால் 7.2. அதையே வாளியில் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், பாதிநாள் ஆகிவிட்டது, இப்போது 7.7. கீழ்த்தொட்டியில் எடுத்தால் 8.9! எல்லாம் ஒரே போர் தண்ணீர்தான். மீட்டர் கெட்டுவிட்டதா?

—

வேதியியல் டீச்சர்
ஞாயிறு, இரவு 9.15

மீட்டர் நன்றாக இருக்கிறது. நீங்கள் மூன்று இடத்தில் அளந்ததுதான் உங்கள் மீன்களைக் காப்பாற்றப் போகிறது.

பூமிக்கு அடியிலிருந்து வரும் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் அது வெளியேறும், பிஹெச் ஏறும். 7.2 ஏறி 7.7 ஆனது அதனால்தான். போர் தண்ணீரை எப்போதும் ஒரு நாள் காற்றாட வைத்துத்தான் அளக்க வேண்டும். 8.9-க்குக் காரணம் உங்கள் புதுக் கீழ்த்தொட்டி. பூசிய சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வருகிறது. தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, முழுவதும் இறைத்துக் கொட்டுங்கள். நாலைந்து முறை செய்தால் வெகுவாகக் குறையும். மேல்தொட்டியும் சிமென்ட் என்றால் அதையும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அம்மோனியா பிஹெச்சைப் பொறுத்து இரண்டு வேஷம் போடும். 7-ல் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. 8-ல் அதே தண்ணீரில் விஷம் கிட்டத்தட்ட பத்து மடங்கு. வீடு மாற்றும் நாளில் கொஞ்சமாவது அம்மோனியா இருக்கத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்து 8.9 தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

—

கோவைச் செடித்தொட்டி
ஞாயிறு, இரவு 11.10

அக்கா, இதே தப்பை நான் செய்து அழுதிருக்கிறேன். 2019-ல் கோவையிலிருந்து சென்னை வந்தோம். அங்கே சிறுவாணித் தண்ணீர், எங்கள் வீட்டில் டிடிஎஸ் மீட்டர் 50-ஐத் தாண்டியதே இல்லை. என் நியான் டெட்ராக்கள் அதிலேயே வளர்ந்தவை. இங்கே வந்து, பார்க்கத் தெளிவாக இருக்கிறதே என்று லாரித் தண்ணீரை நிரப்பி, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டுத் திறந்துவிட்டேன். பையை மிதக்கவிட்டால் வெப்பநிலைதான் சமமாகும், உப்புச் சமமாகாது என்று அப்போது எனக்குத் தெரியாது. முதல் நாள் நன்றாக நீந்தின. இரண்டாம் நாள் காலையில் 20-ல் 13 போய்விட்டது. செடிகள்கூட இலை கருகி, மூன்று மாதம் கழித்துத்தான் தேறின.

உங்களுக்கு 420-க்கும் 1340-க்கும் நடுவே இருக்கும் தூரத்தை ஒரே நாளில் கடக்க வைக்காதீர்கள்.

—

கொளத்தூர்ப் பண்ணை
திங்கள், காலை 7.00

புது வீட்டில் ஆர்ஓ இருக்கிறதா? இருந்தால் கலந்துகொள்ளலாம். ஆர்ஓ தண்ணீர் டிடிஎஸ் 50 என்று வைத்தால், ஏழு குடம் ஆர்ஓவுக்கு மூன்று குடம் போர் தண்ணீர். 430, 440 கிட்ட வந்து நிற்கும். ஒரே நாளில் இவ்வளவு ஆர்ஓ பிடிக்க முடியாது, ஒரு வாரம் முன்னாலிருந்தே சேர்த்து வையுங்கள். அதைவிடச் சுலபம், பெரம்பூர் மெட்ரோ தண்ணீரையே கேனில் பிடித்துப் போவது. 20 லிட்டர் குடிதண்ணீர் கேன்தான் வசதி, வாய் குறுகல், சிந்தாது. பெயிண்ட் வாளி மட்டும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

பேக்கிங்குக்கு வருகிறேன். மிஸ் கேரளா மலைப்பக்கத்து ஓடை மீன். ஓடும் தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய வாங்கிப் பழகியது. மூச்சு முட்டினால் முதலில் விழுவது அதுதான். ஒரு பைக்கு மூன்றுக்கு மேல் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன். பக்கத்துக் கடையில் வெறும் பையைக் கொடுத்தால் சிலிண்டரிலிருந்து பிடித்துத் தருவார்கள். ஏஞ்சல் ஒவ்வொன்றும் தனிப்பையில், செட்டை மடங்காதபடி உயரமான பையாக. கௌராமி மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், அதற்கு ஆக்சிஜன் அடைக்க வேண்டாம், சாதாரணக் காற்றே போதும். சக்கரைப் பையில் போட்டால் செட்டை முள் பையைக் கிழிக்கும், வலையில் பிடித்தால் வலையில் சிக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில், அது ஒட்டியிருக்கும் கட்டையோடு சேர்த்து வையுங்கள். பிடித்து இழுக்காதீர்கள்.

பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள். இருட்டில் மீன் அமைதியாக இருக்கும்.

—

கடல்நீர்
திங்கள், காலை 10.25

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: உயிர்ப்பாறை (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) காற்றுப் படக் கிடந்தால் அதில் வாழ்வது அழியும், அது அழுகிச் செத்தால் தொட்டியே சாகும். பாறை முழுவதும் தண்ணீருக்கு அடியில்தான் பயணம் செய்ய வேண்டும். ஆழமாக மணல் போட்டிருந்தால் அதை அப்படியே கொண்டுபோய் ஊற்றாதீர்கள். அடியில் காற்றில்லாத இடத்தில் அழுகிய முட்டை வாடையோடு ஒரு வாயு சேர்ந்திருக்கும், கிளறினால் வெளியே வரும். நன்னீர்த் தொட்டியிலும் பழைய மணலுக்கு இது பொருந்தும்.

—

நங்கநல்லூர் ஆஸ்கர்
திங்கள், இரவு 9.50

கிரகப்பிரவேசத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். எழுதும்போது இன்னும் மனது கனக்கிறது.

எங்கள் வீட்டிலும் இதே ஆசைதான். ஹோமத்துக்கு முந்தின நாளே தொட்டியை நிறுத்தினோம். இரண்டு ஆஸ்கர், ஐந்து வயது. கூடத்தில் ஹோமம், பக்கத்தில் ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பம்ப் அறையில் இருக்கும் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளும்? புகை முழுவதும் தொட்டிக்குள் போனது. கதவுக்கு வார்னிஷ் அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்த வாடையும் சேர்ந்துகொண்டது. அதையும் தாண்டி ஆஸ்கர்கள் சமாளித்தன. நாலு நாள் கழித்துக் கரையானுக்கு மருந்து அடிக்க ஆள் வந்தார்கள். நான் வேலைக்குப் போயிருந்தேன். தொட்டியை மூட வேண்டும், பம்பை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வந்து பார்க்கும்போது இரண்டும் பக்கவாட்டில் கிடந்தன.

பூச்சி மருந்துகளில் பைரித்ராய்டு வகை மனிதர்களைவிட மீன்களுக்குப் பல மடங்கு கொடியது. கொசுவுக்குச் சுவிட்சில் சொருகுகிறோமே, அதில் இருப்பதும் அந்த வகைதான். புது வீட்டில் பெயிண்ட், வார்னிஷ், கரையான் மருந்து, ஹோமம் எல்லாம் முடிந்து, ஜன்னலைத் திறந்து போட்டுப் பத்து நாளாவது ஆன பிறகு மீனைக் கொண்டுபோங்கள் அக்கா. உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

—

பெரம்பூர்த் தொட்டி
செவ்வாய், இரவு 10.00

நங்கநல்லூர் தம்பி, நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பால் காய்ச்சிட்டு நாம போவோம், அதுங்க மெதுவா வரட்டும்" என்றார். அந்தக் கவலை தீர்ந்தது. கிரகப்பிரவேசம் முடிந்து பதினைந்தாம் நாள் தொட்டி வருகிறது. அதுவரை என் கணவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெரம்பூர் போய்ப் பார்த்துக்கொள்வார். இந்த வீட்டுச் சாவியை மாதக் கடைசி வரை வைத்துக்கொள்ள வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டார்.

கீழ்த்தொட்டியை ஒரு முறை இறைத்தாயிற்று. 8.9 இப்போது 8.4. இன்னும் இறைக்கிறோம். கொட்டும் தண்ணீர் தென்னங்கன்றுகளுக்குப் போகிறது.

—

வேதியியல் டீச்சர்
செவ்வாய், இரவு 10.40

நல்ல முடிவு. இடையில் இருக்கும் நாட்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பெரிய தொட்டியில் இன்னும் ஒரு ஸ்பாஞ்சு ஃபில்டரை இன்றே ஓடவிடுங்கள். நாலைந்து வாரத்தில் அதில் பாக்டீரியா குடியேறிவிடும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

—

பெரம்பூர்த் தொட்டி
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 11.30

வந்து சேர்ந்துவிட்டோம். உடம்பு முழுக்க வலி, ஆனால் எழுதாமல் தூங்க முடியவில்லை.

வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று காலை நாலரைக்கு ஆரம்பித்தோம். முதலில் வேர்க்கட்டை. சக்கர் எதிர்பார்த்தபடியே கட்டையின் அடியில் ஒட்டியிருந்தது. என் கணவர் தண்ணீருக்குள்ளேயே டப்பைச் சாய்த்துப் பிடிக்க, நான் கட்டையை உருட்டி உள்ளே விட்டேன். அது விடவே இல்லை, கட்டையோடு வந்துவிட்டது. செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றினோம். அப்புறம் குழாய் வைத்துத் தண்ணீரை இறக்கினோம். தெளிந்த மேல்தண்ணீர் ஆறு கேன். அடிக்கலங்கலைக் கொட்டிவிட்டோம்.

தண்ணீர் சாணளவு ஆனதும் மீன் பிடிக்கச் சுலபமாகிவிட்டது. நிறைந்த தொட்டியில் துரத்தியிருந்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மிஸ் கேரளா ஒன்று மட்டும் வலையிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தது. கையை நனைத்துக்கொண்டு அள்ளிப் பையில் விட்டேன். இரண்டு செதில் போயிருக்கிறது.

கூலி லோச்தான் என்னை அலைக்கழித்தது. நாலு கிடைத்தது, ஐந்தாவது இல்லை. கட்டையில் இல்லை, குழாயில் இல்லை. நேரம் ஆகிறது என்று கல்லை வாளியில் அள்ளத் தொடங்கினோம். மூன்றாவது வாளியில் மேல்கல் லேசாக அசைந்தது போலத் தெரிந்தது. விரலால் மெதுவாக விலக்கினேன். மஞ்சளும் கறுப்புமாக ஒரு வால் நுனி. அப்படியே இரண்டு உள்ளங்கையாலும் கல்லோடு சேர்த்து அள்ளித் தண்ணீரில் விட்டேன். நெளிந்து ஓடியது. அந்த வாளி மேலே இன்னொரு வாளியை அடுக்க எடுத்திருந்தார்கள்.

தொட்டியை நாலு பேர் தூக்கினார்கள். குட்டி யானையில் பழைய மெத்தையைப் போட்டு அதன்மேல் ஏற்றினோம், பக்கத்தில் எதையும் சாய்க்கவிடவில்லை. மீன்கள் எங்களோடு காரில், ஏசியை லேசாக வைத்து. ஜிஎஸ்டி சாலையில் நெரிசல் தொடங்கும் முன்பே வண்டலூர் வந்துவிட்டோம். சிவில் தாத்தா சொன்னது உண்மை. ரசமட்டம் வைத்தால் ஒரு பக்கம் நாலு மில்லிமீட்டர் இறக்கம். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரி செய்தோம். முதலில் வெறும் போர் தண்ணீர் ஊற்றி ஒட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தோம், அதை இறைத்துவிட்டுக் கல்லைப் போட்டோம். பழைய தண்ணீர் ஆறு கேன், குளோரின் போக்கிய மெட்ரோ தண்ணீர் நாலு கேன். சின்னத் தொட்டிக்கு மீதி நாலு. ஃபில்டரை ஓடவிட்டு, கடைசியாக மீன்.

அத்தை முக்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஏஞ்சல்கள் இன்னும் மூலையில் வெளுத்துப்போய் நிற்கின்றன. இது பயமா, நோயா?

—

கொளத்தூர்ப் பண்ணை
திங்கள், காலை 6.10

பயம்தான் அம்மா. விளக்கைப் போடாதீர்கள். இன்றைக்கும் தீனி வேண்டாம். நாளைக்கு நிறம் திரும்பும்.

—

பெரம்பூர்த் தொட்டி
செவ்வாய், மாலை 6.45

நிறம் திரும்பிவிட்டது அண்ணா. ஆனால் வேறு பிரச்சினை. அம்மோனியா 0.5 காட்டுகிறது. இப்போதுதான் விஷயம் தெரிந்தது. உதவிக்கு வந்த உறவுக்காரப் பையன் பழைய வீட்டில் ஸ்பாஞ்சு ஃபில்டர் இரண்டையும் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாகக் கழுவியிருக்கிறான். அழுக்காக இருக்கிறதே, அக்காவுக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்திருக்கிறான். அவனைத் திட்ட மனம் வரவில்லை, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். செராமிக் ரிங் வாளி மட்டும் என் கையிலேயே இருந்ததால் தப்பியது. இப்போது பிஹெச் 7.2.

—

வேதியியல் டீச்சர்
செவ்வாய், மாலை 7.05

பிஹெச் 7.2-ல் 0.5 என்பது ஆபத்தின் விளிம்பில்கூட இல்லை, பதற வேண்டாம். குளோரின் ஸ்பாஞ்சில் இருந்ததைக் கொன்றிருக்கும். ரிங்கில் இருப்பது பெருகி ஈடுகட்டும். தீனி இன்னும் இரண்டு நாள் வேண்டாம். இன்று 30 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், ஆனால் டிடிஎஸ்ஸும் பிஹெச்சும் பொருந்திய தண்ணீரால் மட்டும். அவசரத்தில் குழாயைத் திறந்துவிடாதீர்கள். காற்றை அதிகமாக்குங்கள், அந்த பாக்டீரியாவும் மூச்சு விடும் உயிர்தான். ஸ்பாஞ்சுகளைக் கழற்ற வேண்டாம், அதே இடத்தில் ஓடட்டும்.

அடுத்து நைட்ரைட் ஏறும். ஏறினால் 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்துக்குள் போகாமல் உப்பில் இருக்கும் குளோரைடு தடுக்கும். இந்த அளவு லோச்சையும் செடியையும் ஒன்றும் செய்யாது.

—

பெரம்பூர்த் தொட்டி
அடுத்த திங்கள், இரவு 9.20

வியாழக்கிழமை அம்மோனியா 0.25, நைட்ரைட் 0.25. உப்பு 18 கிராம் போட்டேன். சனிக்கிழமை அம்மோனியா 0. இன்று இரண்டுமே 0, நைட்ரேட் மட்டும் 10. கீழே விழுந்த மிஸ் கேரளாவும் கூட்டத்தோடு ஓடுகிறது, செதில் போன இடம் மூடிக்கொண்டு வருகிறது.

இன்று காலையில்தான் முதல் தீனி. அத்தை கையை நீட்டியதும் இரண்டு ஏஞ்சலும் பெரம்பூரில் வருவது போலவே கண்ணாடிக்கு வந்தன. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

—

கோவைச் செடித்தொட்டி
அடுத்த திங்கள், இரவு 9.45

படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது அக்கா. இனித் தண்ணீர் மாற்றம் எப்படி? எப்போதும் பெரம்பூரிலிருந்து கொண்டுவர முடியாதே.

—

பெரம்பூர்த் தொட்டி
அடுத்த திங்கள், இரவு 10.05

டீச்சரிடம் கேட்டுத்தான் திட்டம் போட்டிருக்கிறேன். வாரம் இரண்டு முறை பத்துப் பத்து சதவீதம். முதல் மாதம் ஏழுக்கு மூன்று கலவை. அப்புறம் ஆறுக்கு நாலு, பிறகு பாதிக்குப் பாதி. டிடிஎஸ் 700 அளவில் நிறுத்திவிடுவேன், மிஸ் கேரளாவை அதற்கு மேல் தள்ள எனக்கு விருப்பம் இல்லை. ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் தண்ணீரில் வாசலைக் கழுவுகிறோம். கீழ்த்தொட்டி 8.0-க்கு இறங்கிவிட்டது, ஆனால் மீனுக்கு மோட்டாரிலிருந்து நேரே பிடித்து ஒரு நாள் காற்றாட வைத்த தண்ணீர்தான்.

20 லிட்டர் கேன் பதினான்கும், பேட்டரி ஏர் பம்பும், தெர்மாகோல் பெட்டி மூன்றும் கழுவிக் காயவைத்து மாடியில் இருக்கின்றன. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம் யாராவது தொட்டியோடு வீடு மாறுவதாக இருந்தால் எழுதுங்கள். வந்து எடுத்துப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் கூட வருகிறேன், கூலி லோச் தேட ஒரு கை கூடுதலாக இருக்கும்.